ஈரக் கை

யாரும் பார்க்கவில்லை. விளக்கும் மங்கலாகத்தான் எரிந்தது. சின்னவள் குழாயடியில் இருந்தாள். மாமா முன்னறையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் கடைத்தெருவிலிருந்து திரும்பியிருக்கவே இல்லை. எனக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவளும் மறந்துவிட்டாள். காலையில் துள்ளிக்கொண்டுதானே பள்ளிக்கூடம் போனாள்? இரண்டு பேரும் மறந்துவிட்டால் அது நடந்ததாகவே ஆகாது.

இப்படி நினைத்தபடி பெரியவள் கண்ணாடித் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பது என்றால் சும்மா இல்லை. செம்பொடியை ஈரத்துணியில் தொட்டு, வட்டவட்டமாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு வரவேண்டும். ஒரு விரல் ரேகையோ ஒரு சொட்டு வியர்வையோ தங்கிவிட்டால், ரசம் பூசிய பிறகு அது அங்கேயே நின்றுவிடும். எந்த வீட்டுச் சுவரில் தொங்கினாலும், பார்க்கிறவர் முகத்தின் நடுவில் தெரியும். அதனால் வேலைக்கு உட்காரும் முன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்வார்கள்.

முகம் பார்க்கும் கண்ணாடியை வீட்டின் பின்னறையில், கையாலேயே செய்த காலம் அது. அலமாரிக் கதவில் பதிக்கும் ஆளுயரக் கண்ணாடி, ஆண்கள் சவரத்துக்கு ஜன்னலில் சாய்த்து வைக்கும் கண்ணாடி, பெண்கள் மடியில் வைத்துப் பொட்டு சரிசெய்யும் உள்ளங்கை அளவுக் கண்ணாடி, எல்லாமே இந்த அறையிலிருந்துதான் போகும். வீட்டின் மூத்த மகன், அதாவது பெரியவளின் கணவர், வைரமுனையால் தகடு அறுப்பார். செய்து முடித்ததைக் கடைகளுக்குக் கொண்டுபோவார். இளையவன் மரச்சட்டம் அடிப்பான். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேலை இரண்டு மருமகள்களுடையது. வெறும் தகடு முகம் காட்டத் தொடங்குவது அவர்கள் கையில்தான்.

துடைத்த தகட்டை வெந்நீர்த் தொட்டியின் மேல் போட்ட மேசையில் கிடத்தி, நான்கு மூலைக்கும் ஆப்பு வைத்து மட்டம் பார்ப்பார்கள். வெள்ளி உப்பைக் கரைத்த தண்ணீரில் அமோனியாவைக் கலக்கும்போது மூக்கும் கண்ணும் எரியும். அதோடு சர்க்கரைப் பாகைச் சேர்த்துத் தகட்டின் மேல் ஊற்றினால், தேநீர் நிறமாகி, பிறகு சாக்கடை நிறமாகிவிடும். புதிதாகப் பார்க்கிறவர்கள் கெட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார்கள். அந்தக் கறுப்புக்கு அடியில் வெள்ளி மெல்லக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். எப்போது தண்ணீரைச் சாய்த்து வடிக்க வேண்டும் என்பது கண் சொல்ல வேண்டிய விஷயம். முந்தினால் ரசம் மெலிந்துபோகும். பிந்தினால் மூட்டம் விழும்.

அந்த வெள்ளித் தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. தோலில் பட்டால் உடனே எதுவும் தெரியாது, சாதாரண ஈரம் மாதிரிதான் இருக்கும். வெளிச்சம் பட்ட பிறகு, முதலில் பழுப்பாகி, பிறகு கறுத்து எழும்பும். தேய்த்தாலும் போகாது. பழைய தோல் உதிர்ந்து புதுத் தோல் வரும்வரை இருக்கும். அதற்காகவே அறைவாசலில் உப்புத் தண்ணீர் வாளி ஒன்று வைத்திருந்தார்கள். பட்ட கையோடு கழுவினால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

கண்ணாடிக்காரர்கள் குடியிருந்த அந்தத் தெருவில் ஒருவர் முகத்தில் இன்னொருவர் படிக்காதது எதுவும் கிடையாது. மூக்கு நுனியில் புள்ளி இருந்தால் வேலை நேரத்தில் மூக்கு அரித்திருக்கிறது. நெற்றியில் கோடு இருந்தால் வியர்வையைத் துடைத்திருக்கிறார். சின்னவள் கல்யாணமாகி வந்த முதல் மாதம், சட்டம் அடிக்க வேண்டிய இளையவன் பின்னறைக்கு வந்து வந்து போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் அவள் தண்ணீர் பிடிக்கக் குனிந்தபோது பிடரியில் இரண்டு விரல் கறுப்பாக இருந்தது. தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. "என்னடி, உன் வீட்டுக்காரருக்கு ரசம் பூசக் கண்ணாடி கிடைக்கலையா?" என்று கேட்டவர்களில் பெரியவளும் உண்டு. அவள் அதிர்ந்து சிரித்த நாட்கள் மிகக் குறைவு. அது அவற்றில் ஒன்று.

பெரியவள் அதிரமாட்டாள் என்பதுதான் அவளுக்குத் தெருவில் இருந்த பெயர். பிள்ளைகளைப் போட்டு அடிக்கிற அம்மாக்களிடம், "போய் அந்த வீட்டுப் பெரியவளைப் பாரு, குழந்தையை ஒரு அதட்டு அதட்டியிருக்காளா?" என்பார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். உள்ளே ஒரு சுகம் ஓடும். அந்தச் சுகத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று மத்தியானம் தையல்கடைக்காரர் வந்திருந்தார். கடைக்குப் புதிதாக ஆளுயரக் கண்ணாடி ஒன்று சொல்லியிருந்தார். வந்தவர் பழைய கண்ணாடியைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டார். "உங்க கண்ணாடி எல்லாரையும் குண்டாக் காட்டுதும்மா. அளவெடுக்க வர்றவங்க என் துணியைத்தான் திட்டறாங்க. போன வாரம் ஒரு அம்மா அழுதுட்டே போயிட்டாங்க." கணவர் வீட்டில் இல்லாததால் பெரியவள்தான் முன்னறையில் நின்று பதில் சொன்னாள். "ஆமாங்க, சரிங்க, இந்தத் தடவை அப்படி வராதுங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்திசாயும் நேரம், அதே கடைக்கான தகட்டில் வெள்ளித் தண்ணீரை ஊற்றிவிட்டு அவள் காத்திருந்தபோது, மகள் அறைக்குள் வந்தாள். வாண்டு என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். மறுநாளைக்கு மறுநாள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வரவேற்புப் பாட்டை மேடையேறிப் பாட அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்தக் குஷியில் எல்லோரையும் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தாத்தாவின் நடையை நடித்தாள். தையல்கடைக்காரர் தொப்பையைத் தடவுவதை நடித்தாள். பெரியவளுக்கே சிரிப்பு வந்தது. பிறகு, சுவரில் சாய்த்திருந்த கண்ணாடி முன் நின்று, தோளை ஒடுக்கிக்கொண்டு, பாவாடையின் ஓரத்தை வாயருகில் கொண்டுபோய், "ஆமாங்க... சரிங்க..." என்று சிரித்தாள்.

அது மெல்லிய, தேய்ந்த, பாதியில் காற்றுப்போன சிரிப்பு. பெரியவள் அந்தச் சிரிப்பை அதுவரை கேட்டதே இல்லை. ஆனாலும் யாருடையது என்று தெரிந்துவிட்டது.

கை கேட்டுக்கொண்டு கிளம்பவில்லை. தகட்டின் ஓரத்தில் இருந்த கை, ஈரத்தோடு, முழு வீச்சில் போய் விழுந்தது. வாண்டு அழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். வாசலில்தான் உப்புத் தண்ணீர் வாளி இருந்தது. ஒரு எட்டு எடுத்துவைத்தால் போதும்.

அந்த நேரம் பார்த்துத் தகட்டில் நிறம் மாறியது. இப்போது சாய்க்காவிட்டால் மூட்டம் விழுந்துவிடும். பெரியவள் திரும்பித் தகட்டைச் சாய்த்தாள். வடித்தாள். நல்ல தண்ணீர் விட்டு அலசினாள். தூக்கி நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தபோது மகள் அங்கே இல்லை. அதற்குப் பிறகாவது போய்க் கழுவியிருக்கலாம். கழுவினால் அடித்தேன் என்றாகிவிடும். சோறு போட்டபோது தலையைத் தடவிக்கொடுத்தாள், அவ்வளவுதான்.

தையல்கடைக் கண்ணாடி இப்போது எதிர்ச்சுவரில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு புள்ளி இல்லை, ஒரு மூட்டம் இல்லை. அவள் செய்தவற்றிலேயே அதுதான் சுத்தமானது.

வெயில் ஏறும் முன்பே வாசலில் சின்னவளின் குரல் கேட்டது. காய் வாங்கப் போனவள், வழியில் பள்ளிக்கூடத்தில் பார்த்துவிட்டு, வெறுங்கூடையோடு வாண்டுவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, இங்க வா. இங்க வந்து பாரு உன் மகளை."

இடது கன்னத்தில் ஐந்து விரலும் இருந்தன. பள்ளிக்கூட மைதானத்தில் காலை வணக்கத்துக்கு நின்றபோது மெல்லக் கருக்க ஆரம்பித்திருக்கிறது. வகுப்புக்குப் போவதற்குள் முழுதாக எழும்பிவிட்டது. விரல்களின் இடைவெளி, கணுக்களின் மடிப்பு எல்லாம் தெரிந்தன. நடுவிரல் நுனி காதுமடலைத் தாண்டி முடிக்குள் போயிருந்தது. பெரியவளுக்குத் தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இழுத்துக்கொள்ளவும் செய்தாள்.

"யாரு கை இது?" என்றாள் சின்னவள். கேட்டுவிட்டு அவளே அக்காவின் முந்தானையைப் பார்த்தாள். "ஐயோ, அக்கா... நீயா? ஈ உட்கார்ந்தாக்கூட விரட்ட யோசிப்பியே!"

"லேசாத் தட்டினேன். கையில ஈரம் இருந்துச்சு, அதான்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு வசதியான வார்த்தை என்று தெரிந்தது. வெள்ளித் தண்ணீர் கையைக் காட்டிக்கொடுக்கும். கையின் வேகத்தைக் காட்டிக்கொடுக்காது. தட்டினாலும் அறைந்தாலும் கறை ஒன்றுதான். அந்த இடுக்கில் புகுந்து அவள் நின்றுகொண்டாள்.

"பசங்க எல்லாம் அவங்கவங்க கையை இவ கன்னத்துல வெச்சு அளவு பார்த்திருக்காங்க. இவ என்ன சொன்னா தெரியுமா? தூக்கத்துல என் கையையே வெச்சுப் படுத்துட்டேன்னு சொன்னாளாம். இந்தப் பூனைக்குட்டிக் கையை வெச்சுக்கிட்டு!"

வாண்டு தரையைப் பார்த்தபடி, "நான் சொல்லலம்மா" என்றாள். மிக மெதுவாக. தாயிடம் ஒரு ரகசியத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுக்கிற மாதிரி.

முன்னறையிலிருந்து மாமா கூப்பிட்டார். அவர் காலத்தில் வெள்ளித் தண்ணீர் கிடையாது. கல்மேடையில் வெள்ளீயத் தாளை விரித்து, அதன்மேல் பாதரசத்தை ஓடவிட்டு, கண்ணாடியை வழுக்கிக் கொண்டுவந்து படுக்கவைத்து, மேலே பாரம் ஏற்றி நாள்கணக்கில் காத்திருப்பார்கள். அந்த ஆவி உள்ளே போய்ப் போய் அவர் கைகள் இப்போது நிற்காமல் ஆடின. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். அப்போதும் பாதி சட்டையில் இருக்கும்.

பேத்தியைக் கிட்டே இழுத்துக் கன்னத்தைப் பார்த்தார். "நான் இல்லப்பா. நான் அடிச்சிருந்தா அம்பது விரல் விழுந்திருக்கும்" என்று கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். வாண்டு சிரித்துவிட்டாள். சிரித்தபோது கன்னத்து விரல்களும் அசைந்தன. பெரியவள் வேறு பக்கம் பார்த்தாள்.

சின்னவள் அவளைப் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "இப்ப ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? யாராவது கேட்டா என் கைன்னு சொல்லிடறேன். எனக்கு வாய்தான் நீளம்னு ஊருக்கே தெரியும், கையும் நீளம்தான்னு சொன்னா ஒருத்தர்கூட மறுக்க மாட்டாங்க. உன் பேரு ஏன் கெடணும்?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். பெரியவள் "சீ, போடி" என்றிருக்க வேண்டும். அதைச் சொல்வதற்கு முன் அவளுக்குள் ஏதோ தளர்ந்தது. கட்டியிருந்த மூட்டையின் முடிச்சு அவிழ்ந்த மாதிரி. அந்த நிம்மதி அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் அவள் துடைக்கிற துணியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சரே வீட்டுக்கு வந்துவிட்டார். நல்லவர். குரலை உயர்த்தாமல் பேசினார். குடையை மடக்கிக்கொண்டே முன்னறையில் நின்றிருந்த இரண்டு பெண்களையும் பார்த்தார். பார்வை பெரியவள் மேல் நிற்காமல் நகர்ந்து சின்னவளிடம் போய் உட்கார்ந்தது.

"யார் என்னன்னு நான் கேக்க வரல. ஆனா, குழந்தைங்ககிட்ட கொஞ்சம் பொறுமை வேணும்மா. வாயில்லாத குழந்தை அது, யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டேங்குது."

சின்னவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடி அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. முகம் கழுத்துவரை சிவந்துபோனது. அக்காவை ஒருமுறை பார்த்தாள். கேள்வியாகவும் இல்லை, குற்றமாகவும் இல்லை. 'சொல்லட்டுமா, விட்டுடட்டுமா?' என்று வேலை நடுவில் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

இப்போது சொல். இப்போதே சொல். மூன்றே வார்த்தை. என் கைதாங்க அது. பெரியவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். டீச்சர் போகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். யாரிடம்? டீச்சர் போன பிறகு யாரிடம் சொல்வாய்? இந்தக் கேள்வி எழுந்ததும் அவள் அதையும் நகர்த்தி வைத்தாள்.

"நாளைக்கு விழாவுக்கு வெளியூர்லேர்ந்தெல்லாம் பெரிய மனுஷங்க வர்றாங்க. மேடையில முகத்துல கையோட நின்னா, பாட்டை யாரு கேப்பா? கறை போயிடுச்சுன்னா தாராளமா வரட்டும். இல்லைன்னா இன்னொரு பொண்ணு தயாரா இருக்கு. நீங்க உடம்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிட்டாப் போதும், குழந்தை மனசும் நோகாது."

"ஆமாங்க" என்றாள் பெரியவள். "சரிங்க." கடைசியில் சிரிப்பும் வந்தது, தோளும் ஒடுங்கியது. கதவுக்குப் பின்னால் மகள் நின்றிருந்ததை, டீச்சர் படியிறங்கிய பிறகுதான் பார்த்தாள்.

சின்னவள் கூடையை எடுத்துக்கொண்டு, விட்ட காயை வாங்கக் கிளம்பினாள். போகிற போக்கில், "பரவாயில்லக்கா, திட்டு வாங்கி எனக்குப் பழக்கம்தான்" என்றாள். சிரிக்கவில்லை.

வாண்டு கதவோரத்திலேயே உட்கார்ந்து பாட்டின் வரிகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எதைக் கேட்பது என்று தெரியாமல், "வலிச்சுதா கண்ணு?" என்றாள்.

வாண்டு யோசித்தாள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லவேண்டும் என்பதுபோல யோசித்தாள்.

"அப்ப வலிக்கல. நீ அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தே இல்ல, அப்பதான் அழுகை வந்துச்சு. ஆனா அழலை."

பெரியவள் அவள் முடியை ஒதுக்கினாள். காதுமடலுக்குப் பின்னால், நடுவிரல் நுனியின் கறுப்பு முடிகிற இடத்தில், சின்னதாகப் பொருக்குக் கட்டியிருந்தது. அடித்த வேகத்தில் கம்மலின் திருகு உள்ளே குத்தியிருந்தது. காலையில் தலையணை உறையில் ஒரு பொட்டு ரத்தத்தை அவள் பார்த்திருந்தாள். பார்த்ததும் உறையை உருவித் துவைக்கப் போட்டிருந்தாள். துவைத்த துணியும் இதற்குள் காய்ந்திருக்கும். மறுபடி முடியை இழுத்து மூடிவிட்டாள்.

"நாளைக்கு நான் பாடணும்மா" என்றாள் வாண்டு. "அந்தப் பொண்ணு ரெண்டாவது வரியில ராகத்தை விட்டுடுவா."

கணவர் விளக்கேற்றுகிற நேரத்துக்கு வந்தார். தெருமுனையிலேயே செய்தி அவரைப் பிடித்திருந்தது. சத்தம் போடுகிற மனிதர் இல்லை. மகளின் தாடையைப் பிடித்து விளக்கை நோக்கித் திருப்பிப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"லேசாத்தான் தட்டினியாமே. சின்னவ சொன்னா."

பெரியவள் தலையசைத்தாள்.

"அதானே. நீயாவது, அடிக்கறதாவது! ஈரக் கையோட தொட்டா அப்படித்தான் ஆகும். இதுக்குப் போய் ஊர்ல ஒரு பேச்சா?" அவர் குரலில் நம்பிக்கை முழுசாக இருந்தது.

அவர் உள்ளே போய் ஒரு சின்னப் பழுப்புக் குப்பியோடும் வெள்ளைத் துணியோடும் வந்தார். அது தங்கமுலாம் பூசுகிறவரிடம் வாங்கிவைத்திருந்த விஷத் தண்ணீர். கடைத்தெருவுக்குப் போகும் நாட்களில் அதைத் துணியில் தொட்டு விரல் கறையைத் துடைத்துக்கொள்வார். கறுத்த விரலோடு போனால் கடைக்காரர்கள் காபித் தம்ளரைத் தள்ளி வைக்கிறார்கள் என்பது அவருக்கு இருந்த மனக்குறை. அந்தத் தண்ணீர் பட்டால் வெள்ளிக்கறை நொடியில் கரைந்துவிடும். ஒருமுறை கண்ணாடி கீறிய விரலோடு அதைத் தொட்டுவிட்டு, உதடு நீலம் பாய்ந்து, அரை நாள் தலைதூக்க முடியாமல் கிடந்தார். அன்றிலிருந்து குப்பியைப் பரணில்தான் வைப்பார்.

"கண்ணை இறுக்கி மூடிக்கோ வாண்டு. கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். நாளைக்கு ராணி மாதிரி மேடையேறலாம்."

"எரிஞ்சாப் பரவாயில்லப்பா. தொடச்சிடு" என்று கண்ணை மூடிக்கொண்டாள் வாண்டு. உதடுகள் பாட்டை முணுமுணுப்பதை நிறுத்தவில்லை.

"நீ தலையை மட்டும் ஆடாமப் பிடிச்சுக்கோ" என்றார் மனைவியிடம்.

பெரியவள் பிடிக்கப் போனாள். உண்மையிலேயே போனாள். கைகள் மகளின் இரண்டு காதோரமும் போய் நின்றன. நான்கைந்து தேய்ப்பில் அந்தக் கை போய்விடும். கன்னம் பழைய கன்னமாகிவிடும். டீச்சர் சந்தோஷப்படுவார், குழந்தை பாடுவாள், தெரு இன்னொரு கதையைப் பிடித்துக்கொள்ளும். சின்னவள் வாங்கிய திட்டு சின்னவளோடு போகும். தன் பெயர் தன்னிடமே இருக்கும். குப்பியின் தக்கை திறந்தபோது அடித்த கசந்த வாசனையை அவள் ஆசையோடு மூச்சில் இழுத்தாள். விரலுக்கடியில் அந்தச் சின்னப் பொருக்கு தட்டுப்பட்டது.

வேறு யாருக்கும் தெரியாது. அவள் சொல்லாவிட்டால் அவர் துணியைக் காதுமடல்வரை கொண்டுபோவார். கறை அங்கேதான் முடிகிறது.

"வேணாங்க" என்றாள்.

"என்ன வேணாம்?"

"இங்க புண்ணு இருக்கு."

அவர் குனிந்தார். அவளே முடியை ஒதுக்கிக் காட்டினாள். அவர் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து நெடுநேரம் பார்த்தார். கம்மலைத் தொட்டுப் பார்த்தார். திருகு எந்தக் கோணத்தில் போய்க் குத்தியிருக்கும் என்று தகடு அறுக்கிறவரின் கண்ணுக்குத் தெரியாமலா போகும்? நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இல்லை. அறியாத ஒருத்தி வீட்டுக்குள் நிற்பதைப் பார்த்த மாதிரி இருந்தது.

"லேசாத் தட்டினேன்னு சொன்னே."

"சொன்னேன்."

"இது தட்டினதுல வந்ததா?"

"இல்லைங்க. அறைஞ்சேன்."

முன்னறையில் மாமாவின் தம்ளர் தட்டில் மோதி டகடகவென்று அடித்துக்கொண்டிருந்தது. வாண்டு கண்ணைத் திறக்காமலேயே, "நான்தான்ப்பா அம்மா மாதிரி நடிச்சேன்" என்றாள் அவசரமாக.

"நடிச்சா அடிக்கணும்னு இல்ல கண்ணு" என்றாள் பெரியவள். தன் குரல் சாதாரணமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "நல்லாத்தான் நடிச்சே. எனக்குத்தான் பார்க்க முடியல."

அவர் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "காதை ஈரத்துணியால மூடிக்கிட்டு மீதியைத் தொடைக்கலாம்" என்று ஆரம்பித்துத் தானே நிறுத்திக்கொண்டார். ஒரு சொட்டு எந்தப் பக்கம் ஓடும் என்று யாரும் சொல்லமுடியாது. பெரியவள் அவர் கையிலிருந்து தக்கையை வாங்கிக் குப்பியை அழுத்தி மூடினாள். பரணில் எடுத்து வைத்தாள்.

"அப்போ நாளைக்கு? ஜுரம்னு சொல்லி அனுப்பிடலாமா?"

"பாடணும்ங்கறா. பாடட்டுங்க."

"டீச்சர் விடுவாங்களா?"

"நான் போய்க் கேக்கறேன். விடலைன்னா திரும்பி வரோம். இன்னைக்கு டீச்சர் சின்னவளைத் திட்டிட்டுப் போனாங்க. நான் பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். அதையும் பேசணும்."

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் வந்து, குழந்தைக்குக் கேட்காத மாதிரிக் குரலைத் தணித்துக்கொண்டார். அதில் இப்போது கெஞ்சல் இருந்தது. அவளுக்காகத்தான் கெஞ்சினார். அது அவளுக்குப் புரிந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"கூட்டிட்டுப் போ, நான் தடுக்கல. அவ முகத்தையும் பார்ப்பாங்க, உன் கையையும் பார்ப்பாங்க. யாராவது கேட்டா வேலை பண்றப்போ வெள்ளித் தண்ணி தெறிச்சிடுச்சுன்னு மட்டும் சொல்லிடு. நம்பினா நம்பட்டும், நம்பாட்டிப் போகட்டும். நமக்குன்னு சொல்லிக்க ஒரு வார்த்தை வேணுமில்ல? அது ஒண்ணு போதும். சொல்லுவ இல்ல?"

பெரியவள் மகளின் முடியைக் காதுக்குப் பின்னால் எடுத்துச் செருகினாள். கன்னம் முழுசாக விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது.

"மாட்டேங்க" என்றாள்.